‘குனிந்தான்’ என்னும் வினைமுற்று

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றில் தலையாயது எது என்று கேட்டால் சிலர் நெருப்பு என்பார்கள், சிலர் சக்கரம் என்பார்கள். இரண்டும் தவறு. வாசகர் கருத்துதான் அது. நெருப்புக்கு விறகு வேண்டும், சக்கரத்துக்கு அச்சாணி வேண்டும். கருத்துக்கு ஒன்றும் வேண்டாம். பக்கத்தில் ஒரு புத்தகம் இருந்தால் நல்லது. அதைத் திறந்து பார்ப்பது அவரவர் சௌகரியம்.

இந்த மகத்தான உண்மை ஊர்ப் பல் டாக்டர் ஒருவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் விளங்கியது. குறை அவருடையதே. புத்தகம் எழுதுகிறவர்களுக்கு வாசகர்களைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லை.

ஆம், டாக்டர் ஒரு நாவல் எழுதியிருந்தார். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் கிடைத்த நேரத்தில், கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, பல வருஷங்களாக எழுதிய நாவல். பெயர் ‘படிதாண்டாக் காட்டேரி’. ரத்தம் குடித்து வாழும் காட்டேரி ஒருவன் ஒரு பிரார்த்தனைக் கூடத்தின் பாட்டில் மயங்கி அதன் வாசலில் வந்து நிற்கிறான். யாராவது ‘உள்ளே வா’ என்று கூப்பிட்டால் ஒழியக் காட்டேரிகளால் வாசற்படி தாண்ட முடியாது. அது அவர்கள் குலத்துச் சட்டம். கூப்பிடுவார் இல்லை. தலைமுறை தலைமுறையாக வெளியிலேயே நின்று எல்லாப் பாட்டையும் மனப்பாடம் செய்துவிடுகிறான். உள்ளே யாராவது அடி மாற்றிப் பாடினால் வெளியே நின்று நெளிகிறான். கடைசி அத்தியாயத்தில், கூடம் பெருக்குகிற பெண் ஒருத்தி, ஆள் யாரென்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ‘ஏன் வெளிய நிக்கிற, உள்ள வா’ என்கிறாள். அவன் உள்ளே போகிறான். அங்கே கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவரின் எதிரே போய் நிற்கிறான். நாவலின் கடைசி வாக்கியம் இது: ‘அவன் குனிந்தான்.’

டாக்டர் இதைச் சொந்தப் பெயரில் வெளியிடவில்லை. கோரைப்பல்லைப் பற்றி இத்தனை ஆசையாக எழுதிய ஒரு மனிதரிடம் யார் வந்து வாயைத் திறந்து காட்டுவார்கள்? தொழில் என்ன ஆவது? எனவே ‘இருளடியார்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். உண்மை தெரிந்தவர்கள் அவர் மனைவியும் பதிப்பாளரும் மட்டும். ஒரு பத்திரிகை அதைப் ‘பல்சுவை நாவல்’ என்று பாராட்டியபோது டாக்டர் தனியாக உட்கார்ந்து சிரித்தார்.

நாவல் ஊர் வாசகசாலைக்கு வந்து சேர்ந்தது. வந்த வேகத்தில் ஊர் இரண்டாகப் பிளந்தது. குனிந்தான், சரி. எதற்குக் குனிந்தான்? கும்பிடவா, கடிக்கவா?

கும்பிட்டார் கட்சிக்குத் தலைவர் டாக்டரின் மாமனார். பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர்தான், அவருடைய மொழி இன்னும் பணியில் இருந்தது. கடித்தார் கட்சிக்குத் தலைவி அவருடைய உடன்பிறந்த தங்கை. தலைமை ஆசிரியையாக இருந்தவர். ஊரில் பாதிப் பேருக்குப் பாடம் எடுத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் ‘டீச்சர்’. கோபம் வந்தால் அண்ணனும் அப்படித்தான் கூப்பிடுவார். அண்ணன் கீழ் வீடு, தங்கை மாடி வீடு, டாக்டர் குடும்பம் எதிர் வீடு. ஆக, உலகத் தத்துவ வரலாற்றின் முக்கியமான விவாதம் ஒன்று ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“சந்தேகத்துக்கே இடமில்ல மாப்பிள்ளை,” என்றார் மாமனார், ஒரு மாலை டீ குடித்துக்கொண்டே. “மேற்படி காட்டேரியானவன் சுய நினைவோட, யாருடைய தூண்டுதலும் இல்லாம, மனப்பூர்வமா கும்பிட்டிருக்கான். இது பக்தி நூல். இதைப் பக்தி அலமாரிக்கு மாத்தணும்.”

“காட்டேரி எதுக்குண்ணே குனியும்?” என்றார் டீச்சர். “செருப்பு வாரை மாட்டவா? கழுத்து எந்த உயரத்துல இருக்கோ அந்த உயரத்துக்குக் குனியும். கண்ணை மூடிப் பிரார்த்தனை பண்ற மனுஷனைக் கடிக்கிற புத்தகம் நமக்கு எதுக்கு? வாசகசாலைய விட்டே எடுக்கணும்.”

“அவ்வளவு காலம் பாட்டுக் கேட்டவன் கடிப்பானா?”

“நீங்களும் சின்ன வயசுலேருந்து கேட்டுட்டுத்தான் இருக்கீங்க. என்னைக் கடிக்காத நாள் எது?”

டாக்டர் ஆவலை அடக்கிக்கொண்டு மெல்லக் கேட்டார். “மாமா, நடுவுல அந்த மழை அத்தியாயம் எப்படி இருந்துச்சு? அவன் நனைஞ்சுக்கிட்டே பாட்டுக் கேக்கற இடம்.”

“நடுவுல என்ன இருக்கப் போகுது மாப்பிள்ளை? எந்தப் பத்திரத்துலயும் கடைசிப் பக்கம்தான் கணக்கு. கையெழுத்து அங்கதானே இருக்கும்.”

“நானும் விடைத்தாளைக் கடைசிப் பக்கத்துலேருந்துதான் திருத்துவேன்,” என்றார் டீச்சர். அன்று அண்ணனும் தங்கையும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்.

டாக்டர் டீயைக் குடித்தார். அடுக்களை வாசலில் நின்றிருந்த மனைவி அவரைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்.

பிளவு டாக்டரின் ஆஸ்பத்திரிக்கும் வந்தது. காத்திருக்கும் அறையில் சன்னல் ஓரத்து நாற்காலிகள் கும்பிட்டாருக்கு என்றும் சுவர் ஓரத்து நாற்காலிகள் கடித்தாருக்கு என்றும் தாமாகவே ஒதுங்கிக்கொண்டன. வீங்கிய கன்னத்தோடு வருகிறவர்கள்கூட வலியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுத் தங்கள் கட்சி நாற்காலி காலியாகும்வரை நின்றார்கள். கொள்கைப் பிடிப்பு என்றால் அது.

டாக்டருக்கோ வேறொரு பசி. தன் நாவலைப் பற்றி யாராவது ஒருவர் நாலு வார்த்தை உருப்படியாகச் சொல்ல மாட்டார்களா என்று இருந்தது. நேரடியாகக் கேட்க முடியாது. எனவே நோயாளி வாயைத் திறந்து, அதில் கண்ணாடியும் எச்சில் உறிஞ்சும் குழாயும் வைத்த பிறகு, போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்பார்.

“அந்தக் காட்டேரி நாவல் படிச்சீங்களா?”

“ஆ.”

“நடை நல்லா இருக்குன்னு சொல்றாங்களே.”

“ஆ... ஆ.”

எழுத்தாளர் டாக்டருக்கு இது பெரிய திருப்தியாக இருந்தது. பல் டாக்டருக்கும்தான், வாய் நன்றாகத் திறந்திருந்தது.

இந்த இலக்கியப் பணிக்கு விரைவிலேயே இடையூறு வந்தது. தெருமுனை மருந்துக் கடைக்காரர் கும்பிட்டார் கட்சியின் தூண். அவருக்குக் கடைவாய்ப்பல் எடுக்க வேண்டியிருந்தது. டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, உதடு மரக்கட்டையாகட்டும் என்று வெளியே உட்காரச் சொன்னார். அங்கே சுவர் ஓரத்தில் இருந்த ஒருவர் வம்புக்கு இழுத்தார்.

“என்ன கடைக்காரரே, கடைசியில அவன் என்ன பண்ணான்? சொல்லுங்க பார்ப்போம்.”

கடைக்காரர் வீரமாக எழுந்து நின்றார். “குங்ங்... குங்கிட்டா... குக்கிட்டான்.”

கும்பிட்டான் என்று சொல்ல உதடு ஒட்ட வேண்டும். கடித்தான் என்று சொல்ல உதடே தேவையில்லை. இலக்கணம் இப்படி ஒருதலைப்பட்சமாக நடந்துகொள்ளும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

“பார்த்தீங்களா, அவர் வாயாலயே வர மாட்டேங்குது,” என்றது சுவர் ஓரம். “கடிச்சான்னு சொல்லிப் பாருங்க.”

கடைக்காரர் அறியாமல் சொல்லிப் பார்த்தார். “கடிச்சான்.” கண்ணாடி உடைந்ததுபோல் தெளிவாக வந்தது. சுவர் ஓரம் கை தட்டியது.

மாலையே மாமனார் வந்தார். நின்றுகொண்டே பேசினார்.

“மாப்பிள்ளை, ஊசி மூலமா கட்சி மாத்தறதா உங்க மேல புகார் வந்திருக்கு.”

“மாமா, அது மரத்துப்போற மருந்து.”

“மனசு மரத்துப்போனா மருந்து போடலாம். கொள்கைக்குப் போடலாமா? கும்பிட்டார் தரப்புக்கு இனிமே ஊசி இல்லாமலே பல் எடுங்க.”

அந்த அறிவிப்புக்குப் பிறகு கும்பிட்டார் தரப்பில் பல் வலி வெகுவாகக் குறைந்துவிட்டது என்பதை இங்கே பெருமையோடு குறிப்பிட வேண்டும்.

இதெல்லாம் சிரிக்கும்படியாகத்தான் இருந்தது, ஒரு விஷயத்தைத் தவிர. மாமனாருக்கு இரண்டு கண்ணிலும் மருந்து விட வேண்டும். தினமும் காலையில் டீச்சர்தான் மாடியிலிருந்து இறங்கி வந்து, ‘தலையை நிமித்துங்க, ஆடாதீங்க’ என்று ஆறாம் வகுப்பை அதட்டுவதுபோல் அதட்டி, மருந்து விட்டுவிட்டுப் போவார். இப்போது மாடிக் கதவு தாழ் போட்டுக் கிடந்தது. பேச்சுவார்த்தை நின்றுவிட்டது.

“அப்பா தானே மருந்து ஊத்திக்கறாரு,” என்றார் டாக்டரின் மனைவி. “ஒரு சொட்டு கண்ணுக்குப் போனா ஒன்பது சொட்டு சட்டைக்குப் போகுது. கன்னமெல்லாம் வழியுது. பார்க்கறவங்க பக்தியில உருகறார்ன்னு நினைச்சுக் கும்பிட்டுட்டுப் போறாங்க.”

“உங்க அத்தை பார்க்கலயா?”

“பார்க்காம? மாடியிலேருந்து எட்டிப் பார்த்துட்டு உள்ள போயிடறாங்க. நேத்து நான் மேல போனேன். சாப்பிடாம உக்காந்திருக்காங்க. கேட்டா, ‘முதல்ல உங்கப்பாவைக் கடிச்சான்னு ஒத்துக்கச் சொல்லு’ங்கறாங்க.” மனைவி அவர் பக்கம் திரும்பினார். “நீங்க எழுதின ஒரு வரியில இவ்வளவு. வாரக் கடைசியில வாசகசாலைக் கூட்டம் இருக்குல்ல, அதுல அவன் எதுக்குக் குனிஞ்சான்னு எழுந்து சொல்லிடுங்களேன்.”

“சொன்னா தொழில் போயிடுமே.”

“அண்ணன் தங்கச்சி உறவு போறதுக்குப் பதிலா தொழில் போகட்டும்.”

டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தார். சொல்வதென்று முடிவு செய்தார். உள்ளுக்குள் கொஞ்சம் குறுகுறுப்பும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. எழுந்து நின்று ‘இருளடியார் நானே’ என்று சொல்லும்போது கூட்டம் எப்படித் திகைக்கும் என்று கண்ணாடி முன் நின்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

வாசகசாலையின் அவசரப் பொதுக்கூட்டம் வாரக் கடைசியில் கூடியது. செய்தித்தாள் மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு பாதை. இந்தப் பக்கம் கும்பிட்டார், அந்தப் பக்கம் கடித்தார். தலைமை வகித்தவர் நூலகர்.

“இன்றைய பொருள்,” என்று நூலகர் வாசித்தார். “‘படிதாண்டாக் காட்டேரி’ என்னும் நூலை (அ) பக்தி அலமாரிக்கு மாற்றுவதா, (ஆ) அடியோடு அகற்றுவதா.”

“இருக்கிற இடத்துலயே இருக்கட்டுமே,” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“அது நிகழ்ச்சி நிரலில் இல்லை,” என்றார் நூலகர்.

மாமனார் பேசினார். ‘குனிதல்’ என்பதற்கு நிலப் பதிவு நடைமுறையில் என்ன பொருள் என்று விளக்கினார். டீச்சர் பேசினார். கரும்பலகையில் ஒரு நிற்கும் உருவமும் ஓர் உட்கார்ந்த உருவமும் வரைந்து, கழுத்துக்கும் வாய்க்கும் உள்ள கோணத்தைக் காட்டினார். இரண்டு தரப்பும் தத்தம் தலைவருக்குக் கை தட்டின. அந்த இடைவெளியில் டாக்டர் எழுந்தார்.

“ஒரு விஷயம் சொல்லணும். அந்த நாவலை எழுதினது நான்தான்.”

அவர் எதிர்பார்த்த திகைப்பு வரவில்லை. யாரோ இருமினார்கள்.

“உக்காருங்க மாப்பிள்ளை,” என்றார் மாமனார் அன்பாக. “முக்கியமான பேச்சு நடக்குது.”

“இல்ல மாமா, நிஜமாத்தான். இருளடியார் நான்தான்.”

டீச்சர் கரும்பலகையை விட்டு விலகி வந்தார். “எட்டாம் வகுப்புல இவருக்குத் தமிழ் எடுத்தது நான். கட்டுரை எழுதச் சொன்னா மூணு வரி எழுதிட்டு சன்னலைப் பார்ப்பாரு. இவரு நாவல் எழுதினார்னா, பாடம் எடுத்த நான் நம்பணுமா?”

“என் மாப்பிள்ளை தங்கமானவர்,” என்று மாமனார் எழுந்தார். “எழுதியிருந்தா எனக்கு ஒரு பிரதி கொடுக்காம இருப்பாரா? இவ்வளவு உசந்த பக்தி நூலை ஒரு பல் டாக்டர் எழுத முடியாது.”

“இவ்வளவு கேவலமான நூலை ஒரு நல்ல குடும்பத்து டாக்டர் எழுத மாட்டார்,” என்றார் டீச்சர்.

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பல நாளுக்குப் பிறகு ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

டாக்டரின் மனைவி எழுந்தார். “இவர்தான் எழுதினார். நான் பக்கத்துலயே இருந்து பார்த்தேன்.”

“புருஷனை விட்டுக் கொடுக்க மாட்டேங்கறா. நல்ல வளர்ப்பு,” என்றார் டீச்சர் பெருமையாக. கூட்டம் தலையாட்டியது. சாட்சியம் அத்துடன் முடிந்தது.

டாக்டர் பதிப்பாளருக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். நூலகர் கேட்டார்: “ஐயா, இருளடியார் யாருன்னு சொல்ல முடியுமா?”

“சொல்ல மாட்டேன்னு அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கேங்க.”

“நான்தானே அவரு,” என்றார் டாக்டர். “நானே சொல்றேன், சொல்லுங்க.”

“நீங்கதான் அவருன்னு ஒத்துக்கிட்டா வாக்கு மீறினதா ஆயிடுமே சார். அதுவுமில்லாம, யாரு எழுதினான்னு தெரியாததாலதான் புத்தகம் நல்லாப் போகுது. கூட்டம் என்ன முடிவு பண்ணுதுன்னு மட்டும் சொல்லுங்க, ரெண்டாம் பதிப்புல போட்டுடலாம்.”

டாக்டர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

“அவன் கும்பிடவும் இல்ல, கடிக்கவும் இல்ல. அவனுக்கு முதல் அத்தியாயத்துலேருந்தே பல் வலி. மழை அத்தியாயத்துல கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறான். கூடம் பெருக்கற பொண்ணு ‘உள்ள வா’ன்னு கூப்பிட்டதும் அந்தக் கோரைப்பல் ஆடுதுன்னு எழுதியிருக்கேன். பெரியவர் முன்னால போய் நிக்கும்போது அது விழுந்துடுது. அதை எடுக்கத்தான் குனிஞ்சான். ஒருத்தர், ஒரே ஒருத்தர், உள்ள வான்னு சொன்னதுல அவன் பல்லு விழுந்துடுச்சு. அவ்வளவுதாங்க கதை.”

வாசகசாலையில் சத்தமே இல்லை. டாக்டர் நினைத்தார், புரிந்துவிட்டது என்று.

முதலில் சிரித்தது மருந்துக் கடைக்காரர். அப்புறம் இரண்டு பக்கமும் சிரித்தது. நடுவில் இருந்த பாதை சிரிப்பில் மறைந்துபோயிற்று.

“காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்,” என்றார் மாமனார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “மாப்பிள்ளை, உங்களுக்கு எதைப் பார்த்தாலும் பல்லுதான்.”

“கும்பிடவும் இல்ல, கடிக்கவும் இல்லன்னா அப்புறம் எதுக்கு நாவலு?” என்றார் டீச்சர். கேள்வி நியாயமானது என்று கூட்டம் கருதியது.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. சண்டைக்குக் காரணம் ஒரு சொல்தான் என்பதால் அந்தச் சொல்லை மாற்றினால் போதும் என்று டீச்சர் யோசனை சொன்னார். மாமனார் வழிமொழிந்தார். ‘அவன் குனிந்தான்’ என்பதற்குப் பதிலாக ‘அவன் குனியவில்லை’ என்று திருத்துவதென்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

“எழுதினவன் நான் சம்மதிக்கல,” என்றார் டாக்டர்.

“எழுதியவர் தரப்பில் யாரும் ஆஜராகாததால், அவருக்கு ஆட்சேபனை இல்லை என்று கொள்ளப்படுகிறது,” என்றார் நூலகர். பிறகு குரலைத் தாழ்த்தி, “டாக்டர், உரிமை கோரினதுக்கு ஒரு வருத்தம் தெரிவிச்சிட்டா கூட்டத்தை முடிச்சுடலாம். எல்லாருக்கும் பசிக்குது.”

டாக்டர் மறுத்துப் பேச வாயைத் திறந்தார். அப்போது முன்வரிசையைப் பார்த்தார். டீச்சர் அண்ணனின் சட்டைப் பையிலிருந்து கண் மருந்தை எடுத்து, அவர் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, “ஆடாதீங்கன்னா ஆடாதீங்க” என்று அதட்டிக்கொண்டிருந்தார். சொட்டு சரியாகக் கண்ணில் விழுந்தது. மாமனார் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“மன்னிச்சுக்கங்க,” என்றார் டாக்டர். “ஏதோ ஞாபகத்துல சொல்லிட்டேன்.”

வீட்டுக்கு நடந்தபோது மனைவி சொன்னார்: “ரெண்டு பேரும் பேசிட்டாங்க.”

“ஆமா. என் தலைய வச்சு.”

தெருமுனை திரும்பினார்கள். “அந்தப் பல்லு விழற இடத்துல நான் அழுதேன்,” என்றார் மனைவி.

டாக்டர் நின்றுவிட்டார். “என்கிட்ட சொல்லவே இல்லையே.”

“நீங்க கேக்கவே இல்லையே. ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் வாயைத் திறக்கச் சொல்லித் திறக்கச் சொல்லிக் கேட்டீங்க.”

மீதித் தூரம் டாக்டர் கொஞ்சம் மெதுவாக நடந்தார், வீடு சீக்கிரம் வந்துவிடக் கூடாது என்பதுபோல.

திருத்திய பதிப்பு வந்துவிட்டது. அட்டையில் ‘வாசகர்களால் செம்மைப்படுத்தப்பட்டது’ என்று பொன்னிறத்தில் போட்டிருக்கிறார்கள். அண்ணனும் தங்கையும் சேர்ந்து வெளியிட்டார்கள். காட்டேரி குனியாததற்குக் காரணம் கர்வமா, இடுப்பு வலியா என்று மருந்துக் கடைக்காரர் தலைமையில் இப்போது விவாதம் நடக்கிறது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் எந்த நாற்காலியிலும் உட்காருகிறார்கள். ‘எழுத்தாளரே, வலிக்காம எடுங்க’ என்று டாக்டரைக் கேலி செய்துவிட்டு அச்சமின்றி வாயைத் திறக்கிறார்கள். அவர் அதன் பிறகு எதுவும் எழுதவில்லை.

வாசகர்களின் பக்குவத்தை எத்தனை புகழ்ந்தாலும் தகும். எழுதினவரிடமிருந்து புத்தகத்தை எடுத்தார்கள். புத்தகத்திலிருந்து கதையை எடுத்தார்கள். எடுத்துவிட்டு எழுதினவரையே வருத்தமும் தெரிவிக்க வைத்தார்கள். இவ்வளவு நடந்தும் வாசகசாலைத் தரையில் ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. சிந்தாமல் குடிப்பதற்கு நல்ல பழக்கம் வேண்டும்.